படக்கதைக் காதலும் சம்மதத்தின் அறமும்

காதலைச் சொல்லும் படக்கதைகளில் ஒருவரின் விருப்பம் எவ்வாறு கேட்கப்படுகிறது, எவ்வாறு தெரிவிக்கப்படுகிறது, கேட்கப்படாமலே எவ்வாறு பெறப்பட்டதாகக் காட்டப்படுகிறது என்பது கலைத்திறனோடு அறத்தையும் தொடும் வினாவாகும். சம்மதம் என்பது, தனக்கு நேரவிருப்பது இன்னதென்று அறிந்து, அதை மறுக்கவும் வழி இருக்கும் நிலையில், ஒருவர் மனமுவந்து ஏற்பதைக் குறிக்கும். அறிதல், மறுக்கும் வாய்ப்பு, உவப்பு ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் சம்மதமும் குறைபடும். இருவரும் இறுதியில் இன்புற்று வாழ்ந்ததாக ஒரு கதை முடியுமானால், தொடக்கத்தில் இல்லாதிருந்த சம்மதத்தை அந்த முடிவு ஈடுசெய்துவிடுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இவ்வினா படக்கதையில் தனிக் கூர்மை பெறுவதற்கு அதன் வடிவமே காரணம். படக்கதை நிகழ்ச்சிகளைச் சட்டகங்களாகத் துண்டித்துக் காட்டுகிறது. ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் நடந்ததை வாசகரே மனத்தில் நிரப்பிக்கொள்கிறார். அமெரிக்கப் படக்கதையாளர் ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் வெளியிட்ட நூலில் இந்த நிரப்புதலையே இக்கலையின் உயிர்நாடியாக விளக்கினார். ஒரு சட்டகத்தில் ஒருத்தி முகம் திருப்பி நிற்க, அடுத்ததில் அவனது தோளில் சாய்ந்திருந்தால், இடையில் அவள் இசைந்துவிட்டாள் என்று வாசகர் கொள்கிறார். அந்த இசைவு எங்கும் வரையப்பட்டதில்லை. எது இயல்பு என்று வாசகரின் சமூகம் அவருக்குக் கற்பித்திருக்கிறதோ அதுவே அவ்விடத்தை நிரப்புகிறது.

படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்வது அச்சு இயந்திரத்தோடு தோன்றிய வழக்கமன்று. கண்டி நகருக்கு அண்மையில், மகாவலி ஆற்றுக்கு அப்பால் அமைந்த தெகல்தொறுவ குகை விகாரையில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே முதலிய ஓவியர்கள் தீட்டிய சாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறப்புக் கதைகள், கிடைமட்டப் பட்டைகளாக நீள்கின்றன. ஒரே மாந்தர் ஒரே பட்டையில் மீண்டும் மீண்டும் தோன்றுவதால் கதை நகர்கிறது. அங்கு தீட்டப்பட்டுள்ளவற்றுள் முதன்மையானது வெஸ்ஸந்தர சாதகம். கேட்டதையெல்லாம் கொடுக்கும் நோன்பு பூண்ட இளவரசன் வெஸ்ஸந்தரன், தன் பிள்ளைகள் இருவரையும் சூசகன் என்னும் பிராமணனுக்கும், பின்னர் மனைவி மத்தியை மாறுவேடத்தில் வந்த தேவர்கோன் சக்கனுக்கும் தானமாக அளிக்கிறான். இது காதல் கதை அன்று. ஆயினும் அன்புக்குரியவரின் விருப்பத்தை ஒருவர் எந்த அளவுக்குத் தாமே முடிவு செய்யலாம் என்ற வினாவை இதைவிடக் கடுமையாக எழுப்பும் படத்தொடர் அரிது.

அவ்வினாவைப் பௌத்த மரபு மறைத்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. மிலிந்த பஞ்ஹ என்னும் பாளி நூலில் மிலிந்த அரசன், இவ்வாறு கொடுக்கப்பட்டவர்களின் இசைவு பெறப்பட்டதா என்று நாகசேனத் தேரரிடம் நேரடியாகவே கேட்கிறான். மனைவி இசைந்தாள் என்றும், பிள்ளைகள் சிறுவயதினர் ஆதலால் அழுதனர் என்றும், பொருள் விளங்கியிருந்தால் அவர்களும் இசைந்திருப்பர் என்றும் தேரர் விடை கூறுகிறார். இவ்விடையில் இரண்டு இடர்கள் உள்ளன. விளங்கியிருந்தால் இசைந்திருப்பர் என்பது, இல்லாத சம்மதத்தைப் பிறர் கற்பனை செய்து வழங்குவதாகும். மத்தியின் இசைவோ, கணவன் தன்னை எவருக்கும் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே தன்னை முழுமையாக ஒப்படைத்துவிட்டவளின் இசைவு. மறுக்கும் உரிமையையே துறந்தவர் தரும் சம்மதத்தில் எவ்வளவு சம்மதம் எஞ்சியிருக்கும் என்பது எளிதில் தீராத கேள்வி. மேலும், பிள்ளைகள் கொடுக்கப்பட்ட பொழுதில் மத்தி அங்கு இல்லை. காட்டில் கனி தேடிச் சென்றவளை, தானம் தடைப்படாதிருக்கும் பொருட்டுத் தேவர்களே கொடுவிலங்குகளின் உருவில் வழிமறிக்கின்றனர். கதையின் நல்ல முடிவு, அதாவது குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்தல், இந்த இடர்களை வாசகரின் நினைவிலிருந்து அகற்றிவிடுகிறது.

இலங்கைத் தீவின் சமயக் கதைகளுள் காதலுக்கு மிக நெருங்கியது வள்ளி திருமணம். கதிர்காமத் தெய்வமாகிய முருகனுக்குக் கண்டி நகரிலேயே தேவாலயம் உண்டு. அந்நகரின் எசல பெரஹரா விழாவில் அத்தேவாலயத்தின் ஊர்வலமும் இடம்பெறுகிறது. வேடனாகவும் முதியவனாகவும் வந்த முருகனுக்கு வள்ளி இணங்காதபோது, அவன் ஏற்பாட்டில் யானை வருகிறது. அஞ்சி ஓடிவந்தவள் முதியவனை அடைக்கலம் புகுகிறாள். இக்கதையை ஆன்மாவை இறைவன் ஆட்கொள்வதன் குறியீடாகக் கொள்வோர் உளர். வள்ளி முற்பிறப்பிலேயே முருகனை விரும்பித் தவம் செய்தவள் என்றும் புராணம் கூறும். குறியீடாக நிற்கும் வரையில் அவ்விளக்கங்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அச்சத்தைத் தானே ஏற்பாடு செய்து, பின் அதிலிருந்து காப்பாற்றிக் காதலைப் பெறும் உத்தி, தெய்வக் கதையிலிருந்து இறங்கி மனிதக் காதல் கதைகளில் குடியேறும்போது, குறியீட்டின் பாதுகாப்பு அதற்கு இல்லை. தெய்வம் அடியவரின் உள்ளத்தை அறியும் என்ற நம்பிக்கையை ஓர் இளைஞன் தனக்குப் பொருத்திக்கொள்ள இயலாது.

சம்மதத்தைப் பற்றிய கவலை மேலைநாட்டுப் புதுச்சரக்கு என்று கருதுவோருக்குத் தொல்காப்பியமே விடையளிக்கும். ஒத்த அன்பினால் நிகழும் ஐந்திணையையே அது நடுநாயகமாக வைத்து, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையையும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையையும் விளிம்பில் நிறுத்துகிறது. பனை மடலால் செய்த குதிரையில் ஊர் நடுவே ஏறி, அவமானத்தின் வழியே பெண்ணைப் பெற முயலும் மடலேறுதலும், மிகுந்த காமத்தால் வலிமையைப் பயன்படுத்தலும் பெருந்திணைக்கு உரியனவாக அங்கு வகுக்கப்படுகின்றன. வலிந்து காதலைத் துரத்துவது காதலின் உச்சம் அன்று, அதன் பிறழ்வு என்பது அவ்வகைப்பாட்டின் உட்கருத்து.

அச்சுப் படக்கதைகள் இந்த அளவுகோலை எங்கெங்கும் ஒரே வகையாகக் கையாளவில்லை. அமெரிக்காவில் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1947இல் தொடங்கிய ‘யங் ரொமான்ஸ்’ இதழ் காதல் படக்கதையைத் தனி வகையாக நிலைநாட்டியது. 1954இல் பதிப்பாளர்களே ஏற்படுத்திக்கொண்ட காமிக்ஸ் நெறிக்கோவை, வன்புணர்ச்சியைக் காட்டவும் குறிப்பால் உணர்த்தவும் தடைவிதித்து, காதல் கதைகள் இல்லறத்தின் புனிதத்தை வலியுறுத்த வேண்டும் என்றது. அந்நெறி காத்தது திருமணத்தை; ஒருவரின் விருப்பத்தை அது தனியே ஒரு மதிப்பாகக் கருதவில்லை. ஜப்பானில் யோக்கோ கமியோ 1992இல் தொடங்கிய ‘ஹனா யோரி தாங்கோ’ தொடரில், நாயகியைக் கொடுமைப்படுத்தும் செல்வந்த மாணவனே பின்னர் அவளுடைய காதலனாகிறான். ஆண்டுக்கணக்கில் நீளும் தொடர், அவன் மாறிவிட்டான் என்பதை வாசகர் நம்புமாறு செய்து, முதலில் நிகழ்ந்ததை மன்னிக்கவும் பழக்குகிறது. பெண்ணைச் சுவரோரம் நிறுத்திக் கையால் சுவரை அறைந்து மறிக்கும் ‘கபேதொன்’ காட்சி, 2014இல் அந்நாட்டின் பேசப்பட்ட சொற்களுள் ஒன்றாகும் அளவுக்குப் பரவியது.

இலங்கையில் 1951இல் ‘லங்காதீப’ நாளிதழில் ஜீ. எஸ். பெர்னாண்டோ வரைந்த ‘நீலா’வுடன் தொடங்கிய சிங்களப் படக்கதை, 1970களில் ‘சத்துட’, ‘சித்தர’ போன்ற தனி வார இதழ்களாக வளர்ந்தது. வாரம்தோறும் சில சட்டகங்கள் என்ற அம்முறையில் சட்டகங்களின் இடைவெளி ஏழு நாள்களாக நீள்கிறது. அவள் இசைவாளா என்ற கேள்வியே அடுத்த இதழை விற்கும் ஆவலாகிவிடுகிறது. தமிழில் சிவகாசியின் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் சாகசக் கதைகளிலேயே நிலைகொண்டமையால், காதலைப் படத்தோடு சொல்லும் பணி பெரும்பாலும் வார இதழ்த் தொடர்கதைகளுக்கும் திரைப்படத்துக்கும் போயிற்று. 2012ஆம் ஆண்டின் டெல்லிக் கூட்டு வன்புணர்ச்சிக் கொடுமைக்குப் பின், 2014இல் வெளியான இந்தியப் படக்கதை ‘பிரியாஸ் சக்தி’, வன்முறைக்கு உள்ளான பெண்ணையே பார்வதியின் துணை பெற்ற நாயகியாக்கி, அதுவரை வெற்றிடத்தில் விடப்பட்டதைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தது.

இந்த ஆய்வுக்கு எதிராக இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, நாணத்தை மதிக்கும் சமூகங்களில் பெண் வெளிப்படையாக ‘ஆம்’ என்று சொல்வதில்லை, குறிப்பால்தான் உணர்த்துவாள் என்பது. இதில் உண்மை உண்டு. திருக்குறள் குறிப்பறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறது. ஆயினும் குறிப்பை அறிதல் என்பது மறுப்பின் குறிப்பையும் அறிதலாகும். விருப்பத்துக்கு மட்டும் கண் திறந்து, தயக்கத்துக்குக் கண் மூடிக்கொள்பவர் குறிப்பறிந்தவர் ஆகார். மௌனம் சம்மதம் என்ற வழக்கு, மறுத்துப் பேசினாலும் தீங்கு நேராது என்ற உறுதி உள்ள இடத்தில் மட்டுமே ஓரளவு பொருந்தும். அகமரபிலும் தலைவியின் மனத்தை அறிந்து சொல்லவும், தலைவனை விலக்கி நிறுத்தவும் தோழி இருந்தாள் என்பதை மறத்தலாகாது. குறிப்புமொழிக்கும் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் படத்தில் காட்டுவது கலைக்குப் பகையன்று.

இரண்டாவது மறுப்பு, கற்பனை என்பது சட்டநூல் அன்று; வாசகர், குறிப்பாகப் பெண் வாசகர், ஆபத்தில்லாத தொலைவிலிருந்து தீவிர உணர்ச்சிகளைச் சுவைக்க உரிமை உடையவர் என்பது. இதையும் தள்ளிவிட முடியாது. புத்தகத்தை மூடிவைக்க வாசகரால் முடியும். அவ்வகையில் சுவைப்பவரின் சம்மதம் முழுமையானது. தடை விதிப்பதால் பயன் இல்லை என்பதை 1954இன் நெறிக்கோவையே காட்டுகிறது. ஆனால் விரும்பிச் சுவைக்கப்படும் கற்பனைக்கும், இதுவே காதலின் இயல்பு என்று கற்பிக்கும் கதைக்கும் வேறுபாடு உண்டு. முன்னது நாயகியின் அச்சத்தை அச்சமென்றே வரைகிறது. பின்னது அதை நாணமென்று வரைகிறது. அறப்பிழை நிகழ்வது இந்தப் பெயர் மாற்றத்தில்தான்.

சட்டங்களும் இதே தடுமாற்றத்தினூடே வந்துள்ளன. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம், வன்புணர்ச்சி வழக்கில் சம்மதமின்மையை நிறுவுவதற்கு உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் சான்று இன்றியமையாதது அல்ல என்று தெளிவுபடுத்தியது. ஜப்பான், குற்றத்தின் பெயரையே சம்மதமற்ற புணர்ச்சி என்று 2023இல் மாற்றியது. எனினும் இலங்கையில், நீதிமன்றத்தின் வழி பிரிந்து வாழும் நிலை தவிர, மனைவிமீது கணவன் புரியும் வல்லுறவு வன்புணர்ச்சிக் குற்றமாகக் கருதப்படுவதில்லை. இதற்கு மாறான ஒரு மனப்பாங்கு கண்டியின் வழமையிலேயே இருந்தது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், அங்கு மனம் ஒவ்வாத கணவனும் மனைவியும் எளிதில் பிரிந்துசெல்வதை 1681இல் வெளியான தம் நூலில் வியப்போடு பதிந்தார். 1952ஆம் ஆண்டின் கண்டியத் திருமண, மணநீக்கச் சட்டம் இருவரின் உடன்பாட்டை மணநீக்கத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. சம்மதம் ஒருமுறை கொடுத்து முடிந்துவிடும் பொருளன்று, தொடர்ந்து நிலவ வேண்டிய நிலை என்ற உணர்வு இதில் அடங்கியிருக்கிறது. திருமணச் சட்டகத்தோடு முற்றுப்பெறும் காதல் படக்கதைகள் தவறவிடுவது இந்த உணர்வையே.

ஆகவே எடுத்துக்கொண்ட வினாவுக்கு, ஈடுசெய்யாது என்பதே விடையாகிறது. பின்னர் மலரும் அன்பு பின்னர் தரப்படும் சம்மதத்துக்கு மட்டுமே சான்று. முன்னர் நிகழ்ந்ததற்கு அது மன்னிப்பாகலாம், அனுமதி ஆகாது. இதனால் பழைய கதைகளை அழிக்கவோ புதியவற்றுக்கு வேலியிடவோ வேண்டியதில்லை. வரைபவர், இசைவையும் மறுப்பையும் மனமாற்றத்தையும் வெற்றிடத்தில் தள்ளிவிடாமல் அவற்றுக்கும் ஒரு சட்டகம் ஒதுக்கலாம். வாசிப்பவர், ஒவ்வொரு சட்டகத்தையும் அந்தக் கணத்தில் அதற்குள் நிற்பவர் அறிந்த அளவைக் கொண்டே மதிப்பிடலாம். தெகல்தொறுவச் சுவரின் முன் நிற்பவரும் மிலிந்தன் கேட்டதைக் கேட்கலாம். அவ்வாறு கேட்பது மரபுக்கு மாறானதன்று, மரபே தொடங்கிவைத்த உரையாடலைத் தொடர்வதாகும்.