தங்கத்தின் மனுவை எழுதியது யார்?

சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-ல் வந்த நாவல். அதைப் பற்றிப் பேசினால் நம்ம தோழர்கள் காத்தமுத்துவைத்தான் பேசுகிறார்கள். ஒரு தலித் தலைவரை இப்படி அம்பலப்படுத்தலாமா கூடாதா என்று சண்டை. எனக்குத் தங்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

தங்கம் பிள்ளையில்லாத விதவை. புருஷன் பங்கு நிலத்தை அவன் கூடப் பிறந்தவர்களே தரவில்லை. கூலிக்குப் போன இடத்தில் பரஞ்சோதி உடையார் பலாத்காரம் செய்கிறான். அவன் மனைவியின் உறவினர்கள் அவளையே அடித்து நொறுக்குகிறார்கள். காயத்தோடு காத்தமுத்துவிடம் வருகிறாள். அவர் புகார் தயாரிக்கிறார். உடையார் செய்தது அதில் இல்லை. மேல்சாதித் தெருவில் நடந்ததற்காக அடித்தார்கள் என்று ஆகிவிடுகிறது.

உண்மையைச் சொன்னால் ஸ்டேஷனில் அவளையே கேவலமாகப் பேசுவார்கள். தெருவில் நடந்ததற்கு அடித்தார்கள் என்றால் சேரியே திரளும். தந்திரம் என்று பார்த்தால் சரிதான். ஆனால் அதே 1989-ல் நிறைவேறிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஆதிக்கத்தில் இருக்கிறவன் அந்தப் பலத்தைக் கொண்டு தலித் பெண்ணைப் பாலியலாகச் சுரண்டுவதையும் தனிக் குற்றமாக எழுதிவைத்தது. சட்டத்துக்கு அது சாதிக் கொடுமை. நமக்குத்தான் ‘பொம்பள விவகாரம்’. அவள் உடம்புக்கு நடந்ததை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதியின் மானம். அதற்குச் சொந்தக்காரர் தலைவர். நஷ்டஈட்டுப் பணம் அவர் கைக்குப் போகிறது. கடைசியில் தங்கமும் அவருக்கு மூன்றாவது மனைவியாகிறாள்.

காத்தமுத்துவின் மகள் கௌரி படித்தவள், அப்பனை எதிர்த்துக் கேட்கிறவள். எம்.ஏ. தமிழ் படித்த நானும் என்னைக் கௌரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பெண் என்னிடம் வந்தாள். சூப்பர்வைசர் சாதி சொல்லித் திட்டினான், மேலே கை வைத்தான். இரண்டும் நடந்தது. நான் திட்டியதை மட்டும் மனுவில் எழுதினேன். “கை வச்சத எழுதினா கேசு திசைமாறிடும்” என்றார்கள் தோழர்கள். நானும் தலையாட்டினேன். பேச்சுவார்த்தை நடந்தது. அவன் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டான். அதே லைனில் அவனே சூப்பர்வைசர். அவள் நின்றுவிட்டாள். இப்போ வீட்டிலேயே ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைக்கிறாள்.

“நான் சொன்னது ரெண்டு, நீ எய்தனது ஒண்ணுக்கா” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் இன்னும் குத்துகிறது.

ஒற்றுமைக்காக ஒருத்தியின் உண்மையைக் கழிக்கலாமா? கழித்தால் அந்த ஒற்றுமைக்குள் அவள் இருக்கிறாளா? இல்லை என்றுதான் இப்போது சொல்வேன். சிவகாமி 1997-ல் ‘ஆசிரியர் குறிப்பு’ எழுதித் தன் நாவலையே விசாரணைக்கு நிறுத்தினார். இயக்கம் எழுதிய மனுக்களையும் நாம் அப்படி எடுத்துப் படிக்க வேண்டும், தோழர்களே.

இப்போது எந்த மனுவானாலும் முழுக்கப் படித்துக் காட்டுகிறேன். “இதானே நீ சொன்னது?” என்று கேட்கிறேன். அவள் ஆமாம் என்ற பிறகுதான் கையெழுத்து.