கண்ணாடிக்கு முன்னால்

அய்யா துணை.

கேளம்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. உகப்படிப்பு முடிந்து இனிமம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். தென்தேசத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, இருபது வருடத்துக்கு மேலாக அங்கேயே தங்கிவிட்ட ஓர் அன்பரின் வீடு அது. உள்ள இடத்தில் ஒரு சின்ன அறையைப் பணிவிடைக்கென்று ஒதுக்கி, காவித்துணி சாத்திய கண்ணாடியும் இருபுறம் விளக்கும் வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை அக்கம்பக்கத்து அன்பர்கள் கூடிப் படிக்கிறார்கள். அன்று எல்லாரும் கலைவதற்கு முன், சிறுசேரியில் கணினி வேலை பார்க்கும் அவருடைய மகள் ஒரு வார்த்தை சொன்னாள்.

“ஜப்பான்லயும் கோயில் கருவறையில கண்ணாடிதான் இருக்குதாம்ப்பா.”

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. “அப்போ நம்ம அய்யா அங்கயிருந்து எடுத்ததுன்னு சொல்லுதியா மக்ளே?”

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கோபம் அந்த ஒரு வார்த்தையால் வந்ததல்ல. சில மாதங்களாகவே அவளுடைய அலமாரியில் புத்தர் வந்திருந்தார், தாவோ வந்திருந்தது, குருநானக் வந்திருந்தார். அலுவலகம் போகிற வழியில் கோவளம் தர்காவுக்கும் ஒருநாள் போய்வந்ததாகச் சொன்னாள். படிக்கப் போனவர்கள் படியிறங்கிப் போய்விட்டதை அந்த அப்பா தன் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறார். பிள்ளை நெற்றியில் திருநாமம் இன்றி நிற்கும் நாள் ஒன்று வந்துவிடுமோ என்பதே அவருடைய பயம். ஊரைவிட்டு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி வாழ்கிறவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல.

அங்கே ஏடு படிக்கும் முதியவர், எல்லாரும் பாட்டா என்று அழைப்பவர், தட்டைக் கீழே வைத்துவிட்டு, “பிள்ளை முழுசாச் சொல்லட்டும். பாதியில கோவப்பட்டா எப்படி?” என்றார்.

அவள் சொன்னாள். ஜப்பானியரின் ஷிண்டோ மார்க்கத்தில் சூரியதேவியின் பெயர் அமதெராசு. தம்பியின் அட்டகாசம் பொறுக்காமல் அவள் ஒரு குகைக்குள் போய் மறைந்துகொள்ள, உலகம் இருண்டது. தேவர்கள் கூடி வாசலில் ஒரு மரத்தை நட்டு, அதில் ஒரு கண்ணாடியைத் தொங்கவிட்டு ஆரவாரம் செய்தார்கள். என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தவள் கண்ணாடியில் தன் ஒளியையே கண்டு வெளியே வந்தாள். அந்தக் கண்ணாடி இசே என்னும் ஊரின் பெருங்கோயிலில் இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில் மரத்தால் புதிதாகக் கட்டிவிட்டு, பழைய கோயிலைப் பிரிக்கிறார்கள். கடைசியாக 2013-ல் கட்டினார்கள்.

“அந்தக் கண்ணாடியை நாம போய்ப் பார்க்கலாமா?” என்று பாட்டா கேட்டார்.

“முடியாது பாட்டா. துணியில சுத்திப் பெட்டிக்குள்ள இருக்குதாம். யாரும் பார்க்கிறதில்ல.”

“அங்கதான் விசயம் இருக்கு” என்றார் பாட்டா.

எல்லா மதமும் ஒன்று என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. அப்படிச் சொல்பவர்களில் பலர் எந்த மதத்தையும் உட்கார்ந்து கேட்டவர்கள் அல்லர். ஒன்றுபோலத் தெரிகிற இடத்தில்தான் வேற்றுமையையும் உற்றுப் பார்க்க வேண்டும். இசேயின் கண்ணாடி மறைந்திருக்கும் புனிதம். நிழல்தாங்கலின் கண்ணாடியோ திறந்திருப்பது. யார் வந்து நின்றாலும் அவர் முகத்தைக் காட்டுவது. அது திறந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசில் பனையேறிகளும் அவரைப் போன்ற மக்களும் பெரிய கோயில்களின் தெருவிலேயே நடக்கக் கூடாதவர்கள். பெண்கள் மேலாடை அணியத் தடை. ஆண்கள் தலைப்பாகை கட்டத் தடை. ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி. கருவறைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. 1833-ல், கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்த அய்யாவின் வழியில், அதே மக்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு பள்ளியறைக்கு முன் நின்றார்கள். நின்று பார்த்தால் உள்ளே தெரிந்தது அவர்களுடைய முகம், நாமமிட்ட நெற்றியோடும் தலைப்பாகையோடும்.

பாட்டா இதைச் சொல்லும்போது அப்பா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகள் சும்மா இருக்கவில்லை. “இன்னொரு கண்ணாடிக் கதையும் இருக்கு பாட்டா” என்றாள். சீனத்துக் கதை.

ஹுயிநெங் என்பவர் கி.பி. 638-ல் பிறந்தவர். சீனாவின் தென்கோடிக்காரர், தகப்பனில்லாத பிள்ளை. விறகு விற்றுத் தாயைக் காத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வடக்கே ஒரு பௌத்த மடத்துக்குப் போனபோது, தெற்கத்திக் காட்டுவாசியான நீ எப்படிப் புத்தனாவாய் என்று மடத்தின் குரு ஹொங்ரென் கேட்டாராம். மனிதரில்தான் தெற்கு வடக்கு உண்டு, புத்தத் தன்மையில் அது கிடையாது என்று இவர் பதில் சொன்னார். அவரை நெல் குத்தும் கொட்டிலுக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் நெல் குத்தினார். ஒருநாள் குரு, தமக்குப் பின் யார் என்று அறிய, தெளிந்தவர் ஒரு பாட்டு எழுதட்டும் என்றார். மடத்தின் மூத்த சீடர், மனம் ஒரு கண்ணாடி, தூசு படியாமல் நாளும் துடைக்க வேண்டும் என்ற பொருளில் சுவரில் எழுதினார். நெல் குத்துபவர் அதை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணாடி என்று தனியாக ஒன்று இல்லாதபோது தூசு எங்கே படியும் என்ற பொருளில் தம் பாட்டை இன்னொருவரைக் கொண்டு எழுதுவித்தார். குரு அன்றிரவு யாரும் அறியாமல் அவரைக் கூப்பிட்டுத் தம் அங்கியைக் கொடுத்து, மற்றவர்கள் உன்னை விடமாட்டார்கள், ஓடிவிடு என்று தெற்கே அனுப்பினார். சென் என்று உலகம் சொல்லும் மார்க்கத்தின் ஆறாம் குரு அவர். அந்த வரிசையின் முதல் குரு போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்பது மரபு. காஞ்சிபுரத்துக்காரர் என்று இங்கே சொல்வார்கள்.

அறையில் சற்றுநேரம் சத்தமில்லை. பாட்டாதான் பேசினார். “எழுத்தறியாதவன், தெக்கத்தியான்னு ஏசப்பட்டவன், கையில உலக்கை. இவன் நமக்கு அந்நியனா?”

இதுபோல் தேடினால் பக்கத்திலேயே உண்டு. வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார், 1872-ல் சத்திய ஞானசபையில் ஏழு திரைகளுக்கு அப்பால் ஜோதியை வைத்தார். கேரளத்தில் நாராயண குரு 1927-ல் களவங்கோடு என்ற ஊரில் விக்கிரகத்துக்குப் பதில் கண்ணாடியையே நிறுவினார். பஞ்சாபில் குருநானக்கின் வழியில் வந்தவர்கள் அரசனும் ஆண்டியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் முறையை வைத்தார்கள். அவர்களும் தலைப்பாகை கட்டியவர்களே. முந்திரிக் கிணற்றடியில் பதினெட்டு சாதியையும் ஒன்றாகக் குளிக்கவும் உண்ணவும் வைத்ததை அறிந்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்தார் என்று இதற்குப் பொருளில்லை. ஒடுக்கப்பட்டவன் நிமிர்ந்த இடங்களில் பந்தியும் பாகையும் தாமாக வந்து நிற்கின்றன.

ஆனால் அப்பாவின் கேள்வி தீரவில்லை. “மத்த மார்க்கத்துலயும் உண்மை இருக்குன்னா, நம்ம வழி எதுக்கு?” என்றார்.

இது பெரிய கேள்வி. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வழியாகப் பேருந்தேறினால் வரும் தாம்பரத்தில், கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பரில் இதே கேள்விக்காக உலகக் கிறித்தவர்கள் கூடினார்கள். பல நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் வந்த மாநாடு. ஹாலந்துக்காரரான ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டதை மற்ற மதங்களின் தொடர்ச்சியாகக் கொள்ள முடியாது என்பது அவர் வாதம். சென்னையிலேயே இருந்த செஞ்சையா, சக்கரை போன்ற இந்தியக் கிறித்தவர்கள் அதை ஒப்பவில்லை. இந்த மண்ணின் ஞானத்தைத் தள்ளிவிட்டுத் தங்களால் கிறிஸ்துவை அறிய முடியாது என்ற நிலையில் நின்றார்கள். தம் நம்பிக்கையை விடாமலே இரு பக்கமும் வாதாடினார்கள்.

அதற்கும் நூறாண்டு முன்னால் இலண்டன் மிஷன் பாதிரிமார் தங்கள் அறிக்கைகளில் முத்துக்குட்டியின் வழி தங்கள் பணிக்குத் தடையாக இருப்பதாகக் குறை எழுதினார்கள். அய்யாவழியைப் பற்றி வெளியார் எழுதிய பழைய சாட்சிகளில் அந்தக் குறைகளும் சேர்ந்துவிட்டன. பிறர் கண்ணாடியில் தன் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதில் இப்படியும் ஒரு லாபம் உண்டு.

பாட்டா அப்பாவுக்கு நீளமாகப் பதில் சொல்லவில்லை. “குரோணியை ஆறு துண்டா வெட்டினதா ஏட்டில படிக்கோம். யுகத்துக்கு யுகம் ஒரு துண்டு பிறந்தது. கடைசித் துண்டு கலி. அது நமக்குள்ளயும் இருக்குன்னுதான் அய்யா சொன்னது. அடுத்தவன் வழியைக் கேட்டதும் உனக்குக் கோவம் வந்துச்சே, அது எங்கயிருந்து வந்துச்சு?” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “நீ ஊரு உலகத்தையெல்லாம் படிச்சே. அகிலத்திரட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒருவாட்டி படிச்சியா?” என்றார்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். இரண்டு பேருக்கும் கொடுத்தாயிற்று.

அடுத்த ஞாயிறு அன்பர்கள் வருமுன்னே வீட்டில் விளக்குத் துலக்கும் வேலை நடந்தது. மகள் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு நீடிய யுகத்திலிருந்து தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதியில் கையை நிறுத்தி, “மக்ளே, அந்த நெல்லு குத்துனவன் பேரு என்ன சொன்னே?” என்று கேட்டார்.

அய்யா உண்டு.