நியூற்றலும் சரிவும்

நடுநிலை என்பது ஒரு நிலையா, அல்லது நிலை எடுக்காமல் தப்பிக்கொள்வதற்கான பெயரா? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய உழவு இயந்திரத்தின் கியர்ப் பெட்டியிலும் விடை தேடலாம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

நோர்வேஜியர்கள் 'குரோத்தாஸ்' என்று செல்லமாக அழைக்கும் சாம்பல் நிறப் பேர்கூசன் ரி.ஈ.20, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ரி நகரில் செய்யப்பட்டது. முன்னே செல்ல நான்கு கியர்கள், பின்னே செல்ல ஒன்று. எஞ்சினைத் தொடக்குவதும் அதே கியர்த் தடிதான். தடியை நியூற்றலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ள வேண்டும். கியரில் இருக்கும்போது தொடக்க முடியாது. இல்லாவிட்டால் எதிரே நிற்பவர்மேல் பாய்ந்துவிடும். நியூற்றலில் நின்றபடியே, பின்புறத்துத் தண்டின் வலுவால் விறகு அரியும் வாளையும் சுழற்றலாம். ஆகவே நடுநிலையை ஒரேயடியாக இகழ்வது சரியல்ல. வழக்கொன்றில் இரு பக்கத்தையும் கேட்டு முடிப்பதற்கு முன் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் இதெல்லாம் சமதரையில்.

ஓடும்போதே கியர் மாற்றுவதற்கு இசைவாக இந்தப் பெட்டி செய்யப்படவில்லை. கிளச்சை மிதித்து, வண்டியை நிறுத்தி, சுமையையும் தரையையும் பார்த்துக் கியரைத் தெரிந்தபின்தான் புறப்பட வேண்டும். பாரம் ஏற்றிய பெட்டியோடு சரிவில் இறங்கும்போது, தாழ்ந்த கியரில் இருந்தால் எஞ்சினே சக்கரங்களைப் பிடித்துவைத்திருக்கும். நியூற்றலில் விட்டால் அந்தப் பிடி போய்விடும். மிஞ்சுவது பிரேக் மட்டும். வேகம் ஏறியபின் கியரைப் போட முயன்றால் பற்கள் கரகரக்குமே தவிரப் பொருந்தா. எஞ்சின் வீணே முழங்கிக்கொண்டிருக்கும். போகும் வேகத்தைச் சரிவு தீர்மானிக்கும்.

நாங்கள் வேலை செய்யும் சமையலறைகள் சமதரை அல்ல. புதிதாக வந்த பெடியன் பத்து மணித்தியாலம் கோப்பை கழுவுகிறான். ஏழு என்று எழுதப்படுகிறது. "முதலாளியும் வேண்டியவர், பெடியனும் எங்கடை ஆள், இதுக்குள்ளை நாங்கள் ஏன்?" என்று சொல்பவர் நடுவில் நிற்பதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் பாரம் இழுக்கும் பக்கமாக உருண்டுகொண்டிருக்கிறார். பிறகு பேசலாம் என்றால், அதற்குள் ஏழு என்பதே வழக்கமாகிவிடும். அப்போது எந்தச் சொல்லும் பொருந்தாது.

எனவே, நடுநிலை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், எந்தத் தரையில் நிற்கிறோம் என்று கேட்க வேண்டும். இருவரும் சம வலுவுள்ளவர்களானால் நியூற்றல் நியாயமானது. ஒருவர் மேட்டிலும் மற்றவர் பள்ளத்திலும் நின்றால், இறங்கத் தொடங்குமுன் கியரைத் தெரிந்துகொள்வதே நீதி.