கருவிக்கு விசுவாசம் தேவையா?

1950, டோக்கியோ. 'லைஃப்' இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை ஜுன் மிகி என்ற ஜப்பானிய இளைஞர் படம் எடுத்தார். லென்ஸ் 85 மி.மீ. நிக்கோர். பிரதியின் கூர்மையைக் கண்ட டங்கன் அசந்துபோனார். ஜெர்மன் லென்ஸுக்கு நிகரில்லை என்று பலரும் நம்பிய காலம் அது. அந்த லென்ஸைத் தயாரித்த நிப்பான் கோகாகுவின் (இன்றைய நிக்கான்) தொழிற்சாலைக்கே போய்ச் சோதித்துப் பார்த்தார். பிறகு கொரியப் போரை நிக்கோர் பொருத்திய ஜெர்மன் லைகா கேமராவில் படமெடுத்தார்.

இது துரோகமா?

பக்தன் தெய்வத்திடம் அத்தாட்சி கேட்பதில்லை. அந்த உறவே வேறு. கேமராவோ வாக்குறுதியோடு விற்கப்படும் பொருள். அதைச் சோதிப்பதில் பாவம் இல்லை. கும்மிருட்டிலும் பார்க்காமலே டயலைத் தொடும் விரல்பழக்கம் மட்டும் மதிக்கத்தக்க விசுவாசம். அது உழைத்துச் சேர்த்தது.

மற்றபடி இருட்டு எந்த பிராண்டுக்கும் சலுகை காட்டாது. ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை. வரத்து குறையும்போது அந்த ஏற்றத்தாழ்வே படத்தில் பொரிப்பொரியாகத் தெரிகிறது. லென்ஸின் துளையை எஃப்/2.8-லிருந்து எஃப்/1.4-க்குத் திறந்தால் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். ஆனால் கூர்மையின் ஆழம் சுருங்கி, இமைமயிர் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்கையில் மணமகள் தலையைத் திருப்பினால் எந்த நடுக்கத் தடுப்பும் உதவாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012-ல் வந்து பெரும் புகழ் பெற்ற நிக்கான் டி800-இன் சென்சாரைத் தயாரித்தது சோனி. இரண்டு பெயர்களுக்காகவும் சண்டையிடுகிறவர்கள் ஒரே சிலிக்கானைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.