அவள் கேட்ட நாற்காலி

என் தோழி பள்ளி ஆசிரியை. 2021இல் அவளுக்குக் கோவிட் வந்து போனது, களைப்பு போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பாடத்தின் நடுவே, தெரிந்த சொல்லே நழுவும். பரிசோதனை முடிவுகளோ ‘நார்மல்’. “பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்?” என்பார்கள் ஆசிரியர் அறையில்.

நானும் நம்பவில்லை. “கொஞ்சம் நடந்து பாருடி, சரியாயிடும்” என்றேன். நடந்தாள், நான்கு நாள் எழவில்லை. சக்திக்கு மீறிய உழைப்பு பலருக்கு இந்நோயைக் கூட்டும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

‘லாங் கோவிட்’ என்று 2020இல் பெயரிட்டவர்கள் நோயாளிகள். உலக சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை தந்தது 2021 அக்டோபரில். உடம்பு முதலில் பேசுகிறது. ஆவணம் பின்னால் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அவளை நம்புவதா, சான்றிதழுக்குக் காத்திருப்பதா? மாதவிடாய் வலியைக்கூடச் ‘சாக்கு’ என்று சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

அவள் கேட்டது மூன்று: கீழ்த்தளத்தில் வகுப்பு, உட்கார்ந்து நடத்த நாற்காலி, இரண்டு பீரியடுக்கு நடுவே ஓய்வு. தலைமையாசிரியையின் நல்ல மனசால் கிடைத்தன. அந்த நல்ல மனசு மாறுதலாகிப் போனால்? இவள் விட்ட பீரியடை எடுப்பவளும் பெண்தான். அவளுக்கும் வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. ஒருத்தியின் ஓய்வை இன்னொருத்தியின் முதுகில் ஏற்றிவிட்டு அதை உதவி என்று சொல்ல முடியாது. மாற்று ஆசிரியரை அமர்த்துவது நிர்வாகத்தின் கடமை.

அதே பள்ளியைத் தினக்கூலிக்குப் பெருக்கும் அக்காவுக்கும் அந்தக் காய்ச்சலுக்குப் பின் மூச்சிரைக்கிறது. படியில் சற்று உட்கார்ந்தால் ‘வேலைக்கள்ளி’ என்கிறார்கள். நாற்காலியைப் பற்றிய பேச்சை நாங்கள் அவரிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.