பரம்பரையின் பழியா?

"பரம்பரை அலகில் விகாரம்" என்று வைத்தியர் சொல்கிறார். வீட்டார் காதில் விழுவது முதற் சொல் மட்டுமே. பரம்பரை! உடனே படலை சாத்தப்படுகிறது. மகளுக்குக் கலியாணம் பேசும் வேளை. தகப்பனின் குருதிப் புற்றுநோய் அயலவருக்கு வெறும் இரத்தச் சோகையாகிவிடுகிறது. வாசகரே, எம் குடாநாட்டில் இது புதிதா?

இந்த அச்சத்துக்கு அந்தச் சொல்லே பாதிக் காரணம் என்பேன். அலகுகள் பெற்றோரிடமிருந்து வருவன. அவற்றில் நேரும் பழுதெல்லாம் அப்படி வருவதில்லை. குருதிப் புற்றுநோய்களிற் பெரும்பாலானவற்றில், பிறந்த பின்னரே என்பு மச்சையின் கலமொன்றிற் பழுது தோன்றி, அக்கலம் பெருகுகிறது. அந்தப் பழுது பிள்ளைகளுக்குப் போவதில்லை. பிறவியிலேயே விகாரம் வரும் குடும்பங்களும் உண்டு, அவை சிலவே.

2011இல் ஆராய்ச்சியாளர் கண்ட ஒன்றைப் பாருங்கள். கலமானது அலகிலுள்ள செய்தியை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுத்து, வேண்டாத துண்டுகளை நீக்கி, மிகுதியைப் பொருத்துகிறது. தையற்காரர் துணியை வெட்டித் தைப்பது போல. இவ்வேலையிற் பங்குள்ள எஸ்.எப்.3பி1 என்னும் அலகு பழுதுபட்டால், கத்தரிக்கோல் சற்றுத் தள்ளி விழுகிறது, சட்டை பிழைத்துவிடுகிறது. மச்சை நல்ல குருதியை ஆக்க மாட்டாத ஒருவகை நோயாளர் பலரிடம் இவ்விகாரம் காணப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் முதியவர்கள். எழுபது வயதில் ஒரு கலத்திற் கத்தரிக்கோல் வழுக்கியதற்கு எந்தப் பாட்டனைக் குற்றஞ் சொல்வது?

பிறவியோடு வந்ததாயினும் அது பழியாகுமா? பிறவிக் குருடனைக் கண்ட சீடர், யாருடைய பாவம் என்று கணக்குக் கேட்டதை அருளப்பர் எழுதியிருக்கிறார். ஆண்டவர் அந்தக் கணக்கையே ஒப்பவில்லை.

அதே 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பப் பணந் திரட்டினார்கள். தெற்கிலிருந்து எத்தனையோ பேர் எமக்காக நடந்தார்கள். முன்பு மகரகமைக்கு அலைந்த எம்மவருக்கு வழி குறுகிற்று. ஆனால் தெல்லிப்பழை பஸ்ஸில் அயலவரைக் கண்டால், "சொந்தக்காரர் வீட்டுக்குப் போறம்" என்கிறோம்.

மானம் காப்பதாக எண்ணிச் செய்யும் இந்த மறைப்பு, சிலவேளை உயிரோடு விளையாடுவதாகும். மச்சை மாற்றுச் சிகிச்சை தேவைப்படும் நோயாளிக்கு, கூடப்பிறந்தவர் ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. கனடாவிலுள்ள தம்பிக்கும் இலண்டனிலுள்ள அக்காவுக்கும் "சும்மா காய்ச்சல்" என்று சொல்லி வைத்தால், வைத்தியர் யாருடைய இரத்தத்தைச் சோதிப்பார்?