எதை விடப்போகிறீர்கள்?



இம்மாத உபவாச நாட்களை அறிவித்தபோது, ஆகாரத்தை விடுவதோடு, வீட்டிலிருக்கிற வசதிகளில் ஏதாவது ஒன்றையும் கர்த்தருக்கென்று விட்டுப்பாருங்கள் என்று சொல்லியிருந்தோம். எதை விடவேண்டும் என்று சொல்லவில்லை. அன்றைக்கே கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன. "பாஸ்டர், டிவியை விடட்டுமா, ஏசியை விடட்டுமா? நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க, அப்படியே செஞ்சிடுறோம்."

சொல்லிவிடுவது எளிது, தேவபிள்ளைகளே. ஆனால் நான் சொல்லி நீங்கள் விட்டால், என் முகத்துக்காக விட்டதாகிவிடும். உபவாசம் முடிந்த மறுநாளே அது திரும்பவும் நடுவீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்மில் அநேகர் வேறு சபைகளிலிருந்து வந்தவர்கள். லெந்து நாட்களில் நாற்பது நாள் கறிமீனை விட்டுவிட்டு, ஈஸ்டர் அன்றைக்கு மத்தியானமே பிரியாணியில் கணக்கைத் தீர்த்த வீடுகளும் உண்டல்லவா? அதனால் எதை விடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைக் குறித்து மட்டும் எழுதுகிறேன். தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்.

எரேமியா 35-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். யோயாக்கீம் ராஜாவின் நாட்கள். ரேகாபியர் என்ற குடும்பத்தாரை ஆலயத்தின் அறைக்குள் அழைத்துவந்து, அவர்களுக்கு முன்பாகத் திராட்சரசம் வைக்கும்படி கர்த்தர் எரேமியாவுக்குச் சொல்லுகிறார். குடங்கள் நிறைய ரசம், பக்கத்தில் கிண்ணங்கள். குடியுங்கள் என்று சொல்லுகிறவர் யார்? தீர்க்கதரிசி! இடமோ தேவாலயம்! நம்மிடத்தில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? "பாஸ்டரே சொல்லிட்டாரே" என்று கிண்ணத்தை எடுத்திருப்போம். அவர்களோ, நாங்கள் குடிக்கிறதில்லை, எங்கள் தகப்பன் யோனதாப் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்றார்கள்.

திராட்சரசம் மட்டுமல்ல. வீடு கட்டுவதில்லை, வயலில் விதைப்பதில்லை, திராட்சத்தோட்டம் போடுவதில்லை, கூடாரத்தில்தான் குடியிருப்போம் என்பதும் அவர்கள் வைராக்கியம். அந்தக் காலத்துக்கு அவைதான் நவீன வசதிகள். இதைக் கட்டளையிட்ட யோனதாப் யார்? பாகாலின் வணக்கத்தை அழிக்கப் புறப்பட்ட யெகூவின் ரதத்தில் ஏறிப்போன அதே மனுஷன்தான் (2 இராஜா. 10:15-23). யெகூவின் நாளுக்கும் யோயாக்கீமின் நாளுக்கும் நடுவே 200 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஏழெட்டுத் தலைமுறை! நம்முடைய வீடுகளில் அப்பா விட்டதை மகன் பத்து வருஷம் காத்தாலே பெரிய காரியம்.

பாகால் என்பது மழைக்காகவும் விளைச்சலுக்காகவும் கானானியர் கும்பிட்ட தெய்வம். வயலில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிற இடத்தில்தான் இஸ்ரவேலர் அநேகமாய் வழுக்கினார்கள். யோனதாப் அதைக் கண்ணால் கண்டவன். எந்த வாசல் வழியாய்ச் சத்துரு உள்ளே வருகிறான் என்று பார்த்து அந்த வாசலை அடைத்தான் என்றே நான் நினைக்கிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் அவன் விடவில்லை.

இந்த அதிகாரத்தில் இன்னும் இரண்டு காரியம். வீடுகளில் குடியிருந்த யூதாவின் ஜனங்களைப் பார்த்து, நீங்களும் கூடாரத்துக்குப் போங்கள் என்று கர்த்தர் சொல்லவேயில்லை. அவர்கள் தமக்குச் செவிகொடாததைத்தான் கடிந்துகொள்ளுகிறார். அடுத்தது 11-ம் வசனம். நேபுகாத்நேச்சார் படையோடு வந்தபோது ரேகாபியர் கூடாரத்தை விட்டு எருசலேமுக்குள் வந்துவிட்டார்கள். உயிருக்கு மோசம் வருகிறபோது கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கவில்லை. ஆனால் நகரத்துக்குள் வந்தபிறகும் ரசத்தைத் தொடவில்லை. எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அல்லேலூயா!

நம்முடைய காலத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற பகுதியில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவ ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உபதேசம் முழுவதும் நமக்கு ஒத்ததல்ல. ஆனாலும் ஒரு காரியத்தில் அவர்களைக் கவனிக்கலாம். 1910-ஐ ஒட்டிய வருஷங்களில், வீட்டுக்குள்ளே டெலிபோன் வேண்டாம் என்று அவர்கள் தீர்மானம் பண்ணினார்கள். டெலிபோனே பாவம் என்று சொல்லவில்லை. பிற்பாடு பல குடும்பங்கள் சேர்ந்து, பாதையோரத்தில் சின்னக் கொட்டகை போட்டு அதிலே பொதுவாய் ஒரு போனை வைத்துக்கொண்டார்கள். டாக்டரைக் கூப்பிட வேண்டுமா? எழுந்து நடந்து போய்ப் பேசிவிட்டு வரலாம். சாப்பாட்டு வேளையிலும் ஜெப வேளையிலும் அது வீட்டுக்குள் மணியடிக்காது. கார் சொந்தமாய் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அவசியத்துக்கு வாடகைக்கு ஏறிப்போவார்கள். "எல்லாம் வேண்டாம்" என்பதுமில்லை, "வந்ததெல்லாம் வரட்டும்" என்பதுமில்லை. ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்தி, நீ உள்ளே வந்தால் எங்கள் குடும்பத்தையும் ஐக்கியத்தையும் என்ன பண்ணுவாய் என்று கேட்கிறார்கள். நாம் கேட்கிறோமா? தவணை எவ்வளவு என்று கேட்கிறோம்.

சரி, எதை விடுவது? நான் வைத்திருக்கிற ஒரு சோதனையைச் சொல்லுகிறேன். மிக்சியைப் பாருங்கள். சட்னி அரைந்தது, சுவிட்சை அணைத்தோம், அது மூலையில் கிடக்கிறது. "இன்னொரு சட்னி அரைக்கலாம் வா" என்று நம்மைக் கூப்பிடுகிறதில்லை. கிரைண்டரும் அப்படியே. வாஷிங்மெஷின் துவைத்து முடித்ததும் சத்தங்கொடுத்து நின்றுவிடுகிறது. கேஸ் அடுப்பும் அப்படித்தான். இவை வேலைக்காரர், வேலை முடிந்ததும் போய்விடும். வேலை முடிந்தபிறகும் உங்களை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளுகிற வசதி எது? ஒரு நிமிஷத்துக்கு எடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கீழே வைப்பது எது? அது வேலைக்காரனல்ல, எஜமான். அனுபவிக்க உரிமையிருந்தும் எந்த ஒன்றும் தன்னை ஆண்டுகொள்ள இடங்கொடுப்பதில்லை என்று பவுல் எழுதுகிறாரே (1 கொரி. 6:12), அதை இந்த இடத்தில் வைத்து வாசியுங்கள்.

ஒரு காலத்தில் அது டிவியாக இருந்தது. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' போட்ட நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வேளையில் வீட்டு ஜெபக்கூட்டம் வைத்தால் பாய்தான் விரிந்திருக்கும்! ஆனாலும் அந்த நிகழ்ச்சி முடிந்துவிடும்; ஜனங்கள் எழுந்து போவார்கள். இன்றைக்குக் கையிலிருக்கிற போனோ முடிவதேயில்லை. விரலால் தள்ளத் தள்ள, அடிப்பக்கமே வராமல் ஓடிக்கொண்டிருக்கிற அந்த முறையை 2006-ல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின் என்பவர். அதனால் ஜனங்களுடைய நேரம் இவ்வளவு வீணாகிறதே என்று அவரே பிற்பாடு வருத்தப்பட்டுப் பகிரங்கமாய்ச் சொன்னார். செய்தவனே துக்கப்படுகிறான்; நாமோ படுக்கையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம். நம்முடைய ஆண்டவர் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). நாமும் இருட்டோடே எழுகிறோம், இல்லையென்று சொல்லமுடியாது. முதலில் யாருடைய முகத்தைப் பார்க்கிறோம்?

"பாஸ்டர், பைபிளே போன்லதானே இருக்கு?" என்று வாலிபத் தம்பிமார் கேட்பீர்கள். நியாயம்தான். 2020-ல் கொரோனாவினால் சபைக் கதவுகள் அடைந்திருந்த மாதங்களில் இந்தப் போன் வழியாய்த்தான் ஆராதித்தோம், அழுதோம், ஒருவருக்கொருவர் ஜெபித்தோம். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கண் மங்கின தாய்மார் வேதத்தைக் காதால் கேட்கிறதும் அதிலேதான். அவர்களைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவேண்டாம். ஆனால் தம்பி, சங்கீதம் வாசிக்கப் போனை எடுத்து, சங்கீதம் முடிவதற்குள் எத்தனை இடத்துக்குப் போய்வருகிறாய் என்று உனக்குத்தான் தெரியும். தோல் அட்டை போட்ட பழைய பைபிளில் அப்படி எந்தக் கதவும் இல்லை.

இப்போது சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கொஞ்சம் கசப்பாயிருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அண்ணன் மிகுந்த அபிஷேகத்தோடு, "இந்த மாசம் மிக்சி, வாஷிங்மெஷின் ரெண்டையும் கர்த்தருக்காக விடுறோம்" என்று அறிவித்தாராம். யார் அரைப்பது? யார் துவைப்பது? அந்தச் சகோதரிதான். விட்டது அண்ணன், பாரம் சுமந்தது அக்கா. அண்ணனுடைய பைக்கும் கிரிக்கெட் மேட்சும் அப்படியே இருந்தன. ஏசாயா 58:3-ஐ வாசித்துப்பாருங்கள். நாங்கள் உபவாசித்தும் ஏன் கண்ணோக்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். உபவாச நாளிலும் நீங்கள் உங்கள் இஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் கீழே வேலைசெய்கிறவர்களைக் கசக்குகிறீர்களே என்று கர்த்தர் பதில் சொல்லுகிறார். அடுத்தவர் முதுகில் ஏற்றுகிற தியாகம் பலிபீடத்தண்டை போய்ச் சேராது. மனைவியின் கைக்கு ஓய்வு கொடுக்கிற எதையும் விடவேண்டாம். விடத்தான் வேண்டும் என்றால், அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். ஒரு வாரம் நீங்கள் அம்மியில் அரைத்துப்பாருங்கள்; வெளிப்பாடு வரும்.

2011-க்குப் பிறகு அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு விலையில்லாமல் மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் கொடுத்தது. அதினாலே நம்முடைய ஏழைச் சகோதரிகளுக்கு விடியற்காலையில் எவ்வளவோ நேரம் மிச்சமாயிற்று. அது ஆசீர்வாதம்தான். அந்த மிச்சமான அரைமணி நேரம் இப்போது எங்கே போகிறது என்று மட்டும் கேட்கிறேன். மிக்சி மிச்சம்பிடித்துக் கொடுத்ததைப் போன் வாங்கிக்கொண்டுபோகிறது என்றால், விடவேண்டியது மிக்சியா?

வேறு சிலர், "நாங்க கஷ்டப்பட்ட ஜனங்க பாஸ்டர், எங்ககிட்ட விடுறதுக்கு என்ன இருக்கு?" என்கிறீர்கள். உங்களுக்குப் பாரம் வைக்க நான் எழுதவில்லை. இல்லாமை வேறு, விடுதல் வேறு. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போனது ஞாபகமிருக்கும். ஃபேன் இல்லை, டிவி இல்லை, மோட்டார் ஓடவில்லை. அதை யாராவது உபவாசம் என்று சொன்னோமா? மின்சார வாரியத்தைத் திட்டினோம்! கரண்ட் வந்ததும் ஓடிப்போய் டிவியைப் போட்டோம். அர்வனா என்பவன் களத்தையும் மாடுகளையும் தாவீதுக்குச் சும்மாவே கொடுக்க வந்தான். தனக்குச் செலவில்லாததைத் தன் தேவனுக்குச் செலுத்தமாட்டேன் என்ற கருத்தில் தாவீது மறுத்து, ஐம்பது சேக்கல் வெள்ளியை எண்ணிக்கொடுத்தான் (2 சாமு. 24:24). கையிலிருக்கிறதை, வேலைசெய்துகொண்டிருக்கிறதை, நீங்களாகவே அணைத்துவைக்கும்போதுதான் அது செலுத்துவது.

இன்னொன்றையும் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். மருந்து மாத்திரை வசதியல்ல. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதைத்தான் விடப்போகிறேன் என்று என்னிடத்தில் வரவேண்டாம். கர்த்தர் சுகமாக்குகிறவர், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் இன்சுலினை நிறுத்துவதை இந்த உபவாசக் கணக்கில் சேர்க்க நான் சம்மதிக்கமாட்டேன். மாத்திரையோடு சாப்பிடவேண்டியவர்கள் சாப்பிட்டுவிட்டே ஜெபத்துக்கு வாருங்கள்.

விட்டவர்கள் விடாதவர்களைப் பார்த்து முகஞ்சுளிக்கவேண்டாம். நம்மில் இது பழைய வியாதி. ரட்சிக்கப்பட்ட நாளில் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றினோம். அதற்குப்பிறகு எத்தனை வருஷம் மற்றவர்களுடைய காதையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே பிரசங்கம் கேட்டோம்! ஒரு சகோதரிக்கு டிவி கண்ணியாயிருக்கும். அடுத்த வீட்டில் படுத்த படுக்கையாயிருக்கிற பாட்டிக்கு அதுவே ஞாயிறு ஆராதனை. ஆட்டோ ஓட்டுகிற தம்பிக்குப் போன்தான் பிழைப்பு. அவன் வேறு எதையாவது கர்த்தரிடத்தில் கேட்டுக்கொள்ளட்டும். "நாற்பது நாள் நான் போன் உபவாசம்" என்று போனிலேயே ஸ்டேட்டஸ் போடுகிற பிள்ளைகளே, மத்தேயு 6:16-ஐ ஒருதரம் வாசித்துவிட்டு, அப்புறம் போடலாமா என்று யோசியுங்கள்.

இந்த வாரத்தில் ஒரு இரவு கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாய் உட்காருங்கள். வீட்டிலிருக்கிற பொருட்களை ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லிப் பேசுங்கள். பிள்ளைகளைப் பேசவிடுங்கள், எது அப்பாவைப் பிடித்துவைத்திருக்கிறது என்று அப்பாவைவிடப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அந்த வார்த்தை சுட்டாலும் கோபப்படாதிருங்கள். பிறகு முழங்காலில் நின்று ஆவியானவரிடத்தில் கேளுங்கள். ஒன்றே ஒன்றை, ஒரு நாளில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை வெறுமையாய் விடாதிருங்கள்; அதில் குடும்ப ஜெபம் வையுங்கள், வேதம் வாசியுங்கள், பேசாமலிருக்கிற உறவினர் வீட்டுக்கு நடந்து போய்வாருங்கள்.

இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கு வருகிறவர்கள் கையில் அச்சிட்ட வேதாகமம் கொண்டுவாருங்கள். இல்லாதவர்களுக்குச் சபையில் உண்டு. போனை அணைத்துப் பையிலே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சுகமில்லாதவர்களை விட்டு வருகிறவர்களும், ஆஸ்பத்திரியில் டியூட்டி அழைப்பு வரக்கூடிய சகோதரிகளும் தங்கள் போனை வாசலண்டை மேஜையில் இருக்கும் மூப்பரிடத்தில் கொடுத்துவையுங்கள். மணியடித்தால் அவர் உள்ளே வந்து உங்களைத் தொட்டுக் கூப்பிடுவார்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்